கோபுரம் நின்றது, ஹெக்டர் நிற்கவில்லை

1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற வெள்ளைக்கார கேப்டன் திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் வந்தார். துப்பாக்கியோடு வந்த கேப்டன்கள் நிறையப் பேர் உண்டு. இவர் கேமராவோடு வந்தவர், சென்னை மாகாண அரசாங்கத்தின் அதிகாரபூர்வ புகைப்படக்காரர். பெரிய மரப்பெட்டிக் கேமரா, மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ்கள், ரசாயனப் புட்டிகள் என்று ஒரு பெரிய மூட்டையோடு ஊர் ஊராகப் போய் கோயில்களையும் கோட்டைகளையும் படம் பிடித்தார். அப்போது ஸ்ரீரங்கத்தின் தெற்கு ராஜகோபுரம் பாதியில் நின்றுபோன மொட்டை கோபுரம். அது 236 அடிக்கு எழும்பி முடிந்தது 1987-ல்தான். இன்றைய கோபுரத்தை மட்டும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காலத்துப் படங்கள் வேறு ஏதோ ஊர் மாதிரி இருக்கும்.

மெழுகுக் காகித நெகட்டிவில் ஒரு படம் பதிய வேண்டுமானால் லென்ஸை நிமிஷக்கணக்கில் திறந்து வைக்க வேண்டும். கோபுரத்துக்கு அதில் சிரமம் இல்லை, அது பாட்டுக்கு நிற்கும். ஆனால் அந்த நிமிஷங்களில் கேமராவுக்கு முன்னால் எத்தனை வண்ணத்துப்பூச்சிகள் பறந்து போயிருக்கும்! ஒன்றின் நிழல்கூடப் பதிந்திருக்க வழியில்லை.

இதில் வேடிக்கை அந்த கேப்டனின் பெயர்தான். லின்னேயஸ் என்றால் உடனே நினைவுக்கு வருபவர், உயிரினங்களுக்கெல்லாம் இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த ஸ்வீடன்காரர் கார்ல் லின்னேயஸ். அவர் 1758-ல், அதாவது ட்ரைப் ஸ்ரீரங்கம் வந்ததற்குச் சரியாக நூறு வருஷம் முன்னால், ஒரு கறுப்புச் சிறகு வண்ணத்துப்பூச்சிக்கு 'ஹெக்டர்' என்று பெயர் வைத்தார். ட்ராய் நகரத்து வீரன் ஹெக்டரின் பெயர். முன்சிறகில் வெள்ளைப் பட்டைகள், பின்சிறகில் சிவப்புப் புள்ளிகள், உடம்பு நல்ல குங்குமச் சிவப்பு. ஆங்கிலத்தில் கிரிம்சன் ரோஸ் என்பார்கள். ஸ்ரீரங்கம் பக்கத்தில் உண்ணிச்செடி பூத்திருக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் பார்த்துவிடலாம், அவ்வளவு சாதாரணமான பூச்சி.

நூறு வருஷம் முன்னால் ஒரு லின்னேயஸ் பெயர் வைத்த பூச்சியை, நூறு வருஷம் கழித்து இன்னொரு லின்னேயஸால் படம் எடுக்க முடியவில்லை. அதன் பிறகும் அது சுலபமாக நடந்துவிடவில்லை. பூச்சியை உயிரோடு, அது இருக்கிற இடத்திலேயே, அடையாளம் தெரிகிற அளவுக்குப் படம் எடுக்கும் லென்ஸ் எப்படி வந்தது? மேக்ரோ லென்ஸ் வாங்க ஆசைப்படுபவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் கடையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் இந்தப் படம் எதற்கு என்று பார்க்க வேண்டும். அழகுக்காக என்றால் யாரும் எதையும் எடுக்கலாம், கேள்வியே இல்லை. ஆனால் ஸ்ரீரங்கம் தீவின் மேற்குப் பக்கம், மேலூர் அருகே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், மேலணை காப்புக்காட்டில் சுமார் 25 ஏக்கரில் வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. 2015-ல் திறந்தது. அங்கே இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் பதிவாகியிருக்கின்றன. 'பதிவு' என்றால் யாரோ பார்த்து, எடுத்து, இது இன்னது என்று பெயர் எழுதியது. பெயரைத் தப்பாக எழுதினால் கணக்கே தப்பு. (பேரேட்டில் ஒரு வரவைத் தவறான கணக்கில் எழுதிவிட்டால் கடைசிவரை துரத்துமே, அந்த மாதிரி.)

தப்பு எங்கே வரும் என்பதற்கு ஹெக்டரே நல்ல உதாரணம். ஹெக்டரின் புழு ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி போன்ற கொடிகளைத் தின்று வளர்கிறது. அந்த இலைகளின் நச்சு பூச்சியின் உடம்பிலும் சேர்கிறது, ஆகவே பறவைகள் அதைத் தொடுவதில்லை. இதைப் பயன்படுத்திக்கொள்ளும் ஒரு கில்லாடி உண்டு. காமன் மார்மன் என்ற பூச்சியின் பெண். அதன் புழு நம் வீட்டுக் கொல்லையிலேயே கறிவேப்பிலையையும் எலுமிச்சை இலையையும் தின்று வளர்கிறது, நச்சு கிடையாது. ஆனால் பெண்களில் ஒரு வகை அச்சு அசலாக ஹெக்டரைப் போலவே சிறகு போட்டுக்கொண்டு திரியும். இன்னொரு வகை காமன் ரோஸ் என்ற வேறொரு நச்சுப் பூச்சியைப் போல இருக்கும். மூன்றாவது வகை ஆண் மாதிரியே இருக்கும். ஒரே தாய்க்குப் பிறந்த பெண்கள் மூன்று வேஷத்தில்! ஆரம்ப காலத்தில் இந்த இனத்தின் ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு இனம் என்று நினைத்து வேறு வேறு பெயர் வைத்திருந்தார்கள். 1865-ல் வாலஸ் இந்த வேஷத்தைப் பற்றி எழுதினார். 1913-ல் ஃப்ரையர் என்பவர் இலங்கையில் இவற்றைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பார்த்து, இந்த வேஷங்கள் மெண்டல் விதிப்படி பரம்பரையாக வருகின்றன என்று காட்டினார். 2014-ல் கிருஷ்ணமேக் குண்டேயும் அவருடைய சகாக்களும் இதற்குக் காரணம் 'டபுள்செக்ஸ்' என்ற ஒரே ஜீன்தான் என்று கண்டுபிடித்தார்கள்.

சரி, ஸ்ரீரங்கத்தில் பார்க்கிற ஆள் எப்படிக் கண்டுபிடிப்பது? சிறகைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். உடம்பைப் பார்க்க வேண்டும். உடம்பு சிவப்பு என்றால் ஹெக்டர், கறுப்பு என்றால் வேஷக்காரி. அந்த உடம்பு ஒரு தீக்குச்சியை விடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். பத்தடி தூரத்தில் பறக்கும்போது எடுத்த மங்கல் படத்தில் அது தெரியாது. லென்ஸின் முழு வேலையும் இந்த ஒரு தீக்குச்சியில் இருக்கிறது.

லென்ஸ் இல்லாத காலத்தில் இதற்கு ஒரே வழிதான் இருந்தது. வலை வீசிப் பிடி, கொல், ஊசியில் குத்து. தமிழ்நாட்டுக் கடற்கரையில் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். லின்னேயஸிடம் படித்தவர், 1768-ல் தரங்கம்பாடி டேனிஷ் மிஷனுக்கு மருத்துவராக வந்தார். மருத்துவம் பார்த்தாரோ இல்லையோ, செடிகளும் பூச்சிகளும் சேர்த்துச் சேர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். பிறகு ஆற்காடு நவாபிடம் இயற்கை ஆய்வாளராக வேலை பார்த்தார், அதற்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கறையான்களைப் பற்றி அவர் எழுதி 1779-ல் வெளிவந்த கட்டுரை, கறையான் ஆராய்ச்சியில் ஆரம்பப் புள்ளிகளில் ஒன்று. லின்னேயஸின் இன்னொரு மாணவரான ஃபாப்ரீஷியஸ் பெயர் வைத்த பூச்சிகள் பலவற்றில் கிடைத்த இடம் என்று தரங்கம்பாடியின் பெயர் இருக்கும். காவிரிக் கடைமடையில் பறந்த பூச்சி கோபன்ஹேகனில் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்த கதை அது.

கோனிக்கைத் திட்டுவதில் அர்த்தமில்லை. அந்த ஊசி குத்திய பூச்சிகள் இல்லாவிட்டால் இன்று எந்தப் படத்துக்கும் பெயர் எழுத முடியாது. இன்றும் சில அந்துப்பூச்சிகள், சில சின்ன ஸ்கிப்பர் வகைகள் ஆகியவற்றைப் படத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, பூச்சியையே அறுத்துப் பார்த்தால்தான் உண்டு. ஆனால் அதைச் செய்ய வேண்டியவர்கள் அனுமதி பெற்ற ஆராய்ச்சியாளர்கள். ஹெக்டர் 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம்பெற்ற பூச்சி. விடுமுறை நாளில் பொழுதுபோக்காக வலையோடு கிளம்புகிற காலம் மலையேறிவிட்டது.

ஊசிக்கும் கேமராவுக்கும் நடுவில் தூரிகையின் காலமும் ஒன்று உண்டு. 1914-ல் சென்னையில் அரசாங்க அச்சகம் வெளியிட்ட பெயின்பிரிக் ஃபிளெட்சரின் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய பெரிய புத்தகத்தில் உள்ள வண்ணப் படங்கள் ஓவியங்கள்தான். புகைப்படம் வந்து எழுபத்தைந்து வருஷம் ஆகியும் பூச்சிக்கு ஓவியரைத்தான் நம்ப வேண்டியிருந்தது. இத்தனைக்கும் புகைப்படக் கலையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஃபாக்ஸ் டால்பட், 1840 வாக்கிலேயே சூரிய ஒளி மைக்ராஸ்கோப் வைத்துப் பூச்சிச் சிறகைப் படம் எடுத்துவிட்டார். சிறகைத்தான் எடுத்தார். பூச்சி அதில் இல்லை.

தடை எங்கே இருந்தது? பெரிதாகக் காட்டும் கண்ணாடி நம் ஊருக்கு ஒன்றும் புதிதில்லை. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் வல்லத்தில் கிடைத்த பளிங்குக் கல்லைத் தீட்டி மூக்குக்கண்ணாடி செய்தார்கள். வல்லம் கல் கண்ணாடிக்கு அந்தக் காலத்தில் நல்ல பெயர். படிக்கிற கண்ணாடியைக் கேமரா லென்ஸின் முன்னால் வைத்தால் கிட்டத்தில் உள்ள பொருள் தெளிவாகும். இன்று கடையில் 'க்ளோஸ்-அப் லென்ஸ்' என்று விற்பது இதன் நாகரிக வடிவம்தான். அதற்கும் மூக்குக்கண்ணாடிக்குச் சொல்கிற அதே 'பவர்' கணக்குத்தான். 200 மி.மீ. லென்ஸில் 5 பவர் க்ளோஸ்-அப் லென்ஸைத் திருகினால், பொருள் இருக்கிற அளவிலேயே சென்சாரில் விழும்.

இந்த 'இருக்கிற அளவு' என்பதைத்தான் 1:1 என்கிறார்கள். பத்து மி.மீ. பூச்சி, பத்து மி.மீ. பிம்பம். ஆக, பெரிதாக்குவது கஷ்டமே இல்லை. கஷ்டம் வேறு மூன்று இடத்தில் இருந்தது. ஓரம் வரை தெளிவு வேண்டும், போதிய வெளிச்சம் வேண்டும், பூச்சி பயப்படாத தூரம் வேண்டும். மேக்ரோ லென்ஸின் வரலாறு என்பது இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகச் சமாளித்த வரலாறு. இதில் முதலாவதைத் தீர்த்தவர்கள் பூச்சியைப் பற்றி நினைக்கவே இல்லை!

1955-ல் ஹைன்ஸ் கில்ஃபிட் என்பவரின் நிறுவனம், லீக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாட்டில், மேக்ரோ-கிலார் என்ற 40 மி.மீ. லென்ஸை வெளியிட்டது. அதில் ஒரு வகை, வேறு எந்த உதிரிபாகமும் இல்லாமல் 1:1 வரை போகும். அடுத்த வருஷமே, 1956-ல், ஜப்பானில் நிக்கான் 5 செ.மீ. மைக்ரோ-நிக்கோரைக் கொண்டுவந்தது. எதற்காகத் தெரியுமா? காகிதத்தைப் படம் எடுக்க. பத்திரிகைகளையும் ஆவணங்களையும் மைக்ரோஃபிலிமில் சுருக்கிச் சேமிக்கும் முறை அப்போது பரவிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தின் 26 எழுத்துக்குப் போதுமான லென்ஸ், கோடுகள் நெருக்கியடிக்கும் ஜப்பானிய எழுத்துக்குப் போதவில்லை. மூலையில் உள்ள எழுத்தும் நடுவில் உள்ள எழுத்தும் ஒரே கூர்மையோடு வர வேண்டும் என்று அந்த லென்ஸைச் செய்தார்கள். (நிக்கான் இன்றும் 'மேக்ரோ' என்று எழுதாமல் 'மைக்ரோ' என்றே எழுதுகிறது. உயிர் அளவை விடப் பெரிதாக்கினால்தான் மேக்ரோ என்பது அவர்கள் கணக்கு.)

காகிதத்துக்குச் செய்த லென்ஸ் பூச்சிக்கு ஏன் பொருந்தியது? சிறகை மூடி உட்கார்ந்திருக்கும் வண்ணத்துப்பூச்சி கிட்டத்தட்ட ஒரு காகிதம்தான். தட்டையான ஒரே தளம். அந்தத் தளத்துக்குக் கேமராவின் முதுகு இணையாக இருந்தால் சிறகின் நுனி முதல் உடம்பு வரை எல்லாம் ஒரே கூர்மையில் வரும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு முனை போய்விடும். மேக்ரோ படம் எடுக்கும் யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்லும் பாடம் இதுதான்: லென்ஸின் விலையை விட, முழங்காலை மண்ணில் ஊன்றி இணையாக நிற்பது முக்கியம்.

ஆனால் காகிதம் ஓடிப்போகாது. இங்கேதான் முதல் தலைமுறை லென்ஸ் சறுக்கியது. 50, 60 மி.மீ. மேக்ரோ லென்ஸில் 1:1 எடுக்க வேண்டுமானால் லென்ஸின் மூக்குக்கும் பூச்சிக்கும் நடுவில் 5 முதல் 10 செ.மீ.தான் இருக்கும். வண்ணத்துப்பூச்சியின் மூக்கிலேயே கேமராவை வைத்த மாதிரி. நிழல் விழும், பூச்சி பறந்துவிடும். 90 முதல் 105 மி.மீ. லென்ஸில் அந்த இடைவெளி 10 முதல் 15 செ.மீ. ஆகும். 180, 200 மி.மீ. என்றால் சுமார் 25 செ.மீ. மூன்று லென்ஸும் ஒரே 1:1 தான் தரும்! கடையில் "எது அதிகம் பெரிதாக்கும்?" என்று கேட்பது வீண் கேள்வி. "எவ்வளவு தள்ளி நிற்கலாம்?" என்று கேட்க வேண்டும்.

டேம்ரான் 1979-ல் கொண்டுவந்த 90 மி.மீ. எஃப் 2.5 லென்ஸ் இந்த நடுத்தரத் தூரத்தைப் பிரபலமாக்கியவற்றில் முக்கியமானது. அது பாதி அளவு வரைதான் போகும், 1:2. பாதி என்றதும் உதட்டைப் பிதுக்க வேண்டாம். ஹெக்டரின் சிறகு விரிந்தால் 90 முதல் 110 மி.மீ. முழு ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. அப்படியென்றால் முழுப் பூச்சியும் படத்துக்குள் அடங்க 1:3 போதும். சிறிய சென்சார் கேமராவில் 1:4. அதாவது ஸ்ரீரங்கத்துப் பெரிய வண்ணத்துப்பூச்சிகளுக்கு 1:1 தேவையே இல்லை. கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் சாதாரண டெலி லென்ஸே போதும்.

1:1 எங்கே தேவை? கால்மாட்டில். வெட்டுக்காயப்பூண்டுப் பூவில் உட்காரும் கிராஸ் ஜுவல் போன்ற நீலக் குட்டிகள், சிறகு விரித்தாலே 15 முதல் 22 மி.மீ.தான். சிறகை மூடினால் சுண்டுவிரல் நகம். ஊசித்தட்டானின் முகம், எறும்பு, சாம்பல்பூச்சிகள் எல்லாம் இந்த வகை. இன்னும் சிறியவற்றுக்காக கேனன் 1999-ல் 65 மி.மீ. லென்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தது. 1:1-ல் தொடங்கி ஐந்து மடங்கு வரை போகும், தூரத்துப் பொருளை எடுக்கவே எடுக்காது. பூச்சிக்கென்றே பிறந்த லென்ஸ் என்று அதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் முதல் லென்ஸாக அதை வாங்குவது, சைக்கிள் ஓட்டத் தெரியாதவர் புல்லட் வாங்குவது போல.

இந்த லென்ஸ்கள் எல்லாம் வந்த வருஷத்திலேயே திருச்சிக்கு வந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. 1991-ல் பொருளாதாரக் கதவு திறக்கும் வரை வெளிநாட்டுக் கேமரா சாமான்களுக்கு இங்கே இறக்குமதிக் கட்டுப்பாடும் கடுமையான வரியும் இருந்தன. சிங்கப்பூர் மாமாவோ, வளைகுடா நாட்டிலிருந்து லீவில் வரும் அண்ணனோ, சென்னை பர்மா பஜாரோதான் வழி. அதனால் நம் ஆட்கள் சேர்த்துக் கட்டுவதில் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த மேதை. பல கேமராக்களின் பாகங்களை ஒட்டிச் சேர்த்துத் தானே ஒரு கேமரா கட்டி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்துக்கொண்டார். அவர் பூச்சிக்காரர் இல்லை. ஆனால் அந்த மனசு பூச்சி எடுத்தவர்களுக்கும் வேண்டியிருந்தது.

கையில் இருக்கும் 50 மி.மீ. லென்ஸைத் திருப்பி மாட்டினால் அதுவே மேக்ரோ. ஒரு ரிவர்ஸ் ரிங் போதும். அல்லது லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் கண்ணாடியே இல்லாத வெறும் குழாயை மாட்டலாம், எக்ஸ்டென்ஷன் டியூப் என்பது அதுதான். கணக்கும் எளிது: குழாயின் நீளத்தை லென்ஸின் மி.மீ. அளவால் வகுக்க வேண்டும். 50 மி.மீ. லென்ஸுக்கு 50 மி.மீ. குழாய் என்றால் 1:1. இன்றைக்கும் காசு குறைவாக இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. ஒரே குறை, தூரம் மறுபடி சில செ.மீ.க்கு வந்துவிடும். 1956-க்கே திரும்பிப் போன மாதிரி.

அடுத்த தடை வெளிச்சம். 1:1-க்குப் போகும்போது ஃபிலிமுக்கு வரும் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. கூர்மையாகத் தெரியும் ஆழமோ எஃப் 11 வைத்தால்கூட ஒன்றேகால் மி.மீ. சொச்சம்தான். தட்டானின் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் அதன் கால் மங்கிவிடும். ஆழம் வேண்டுமென்று துவாரத்தை எஃப் 22, 32 என்று இன்னும் சுருக்கினால் ஒளிச்சிதறலில் முழுப் படமும் சோர்ந்துபோகும். ஆகவே எஃப் 11, 16, கூடவே ஃப்ளாஷ். இங்கிலாந்தின் ஸ்டீபன் டால்டன் ஒரு நொடியில் 25,000-ல் ஒரு பங்கு நேரமே எரியும் ஃப்ளாஷைச் செய்வித்து, பறக்கும் பூச்சிகளை அந்தரத்தில் நிறுத்தினார். அந்தப் படங்கள் 1975-ல் புத்தகமாக வந்தன. ட்ரைப்பின் நிமிஷங்கள் எங்கே, இது எங்கே! அதே 1975-ல் ஒலிம்பஸ் ஓஎம்-2 கேமரா, ஃபிலிம் மேல் விழும் வெளிச்சத்தை அளந்து ஃப்ளாஷைத் தானே நிறுத்தியது. அதுவரை ஒவ்வொரு படத்துக்கும் மனக்கணக்கு.

ஆனாலும் 36 படம் உள்ள ரோல். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஃபிலிம் காசு, கழுவக் காசு, பிரிண்ட் காசு. மேக்ரோவில் பத்துக்கு ஒன்று தேறினாலே பெரிது என்பது எடுத்தவர்களுக்குத் தெரியும். லென்ஸின் விலை ஒரு தடவைதான், ஆனால் வீணான படங்களின் விலை வந்துகொண்டே இருந்தது. அப்படிப்பட்ட காலத்திலேயே 1998-ல் நீலகிரியிலிருந்து தென்னிந்திய வண்ணத்துப்பூச்சிகளுக்கு ஒரு கள வழிகாட்டி வந்தது. குணத்திலகராஜ், டி.என்.ஏ. பெருமாள், கே. ஜெயராம், கணேஷ்குமார் ஆகிய நால்வரின் உழைப்பு. உயிரோடு இருக்கும் பூச்சியின் படத்தைப் பார்த்து, உயிரோடு இருக்கும் பூச்சிக்குப் பெயர் சொல்ல முடிந்தது என்பது சாதாரண விஷயமில்லை. ஃபிளெட்சரின் தூரிகையிலிருந்து இங்கே வர 84 வருஷம்!

பிறகு எல்லாம் வேகம். 2003, 2004 வாக்கில் கேனன் 300டி, நிக்கான் டி70 என்று நடுத்தர வர்க்கம் எட்டிப் பார்க்கக்கூடிய விலையில் டிஜிட்டல் எஸ்எல்ஆர்கள் வந்தன. டேம்ரான் தன் 90 மி.மீ. லென்ஸை 2004-ல் டிஜிட்டலுக்கு ஏற்றபடி, 1:1 போகும்படி மறுபடி கொண்டுவந்தது. 2006-ல் நிக்கான் 105 மி.மீ. மேக்ரோவில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதியைச் சேர்த்தது. 2009-ல் கேனனும் தன் 100 மி.மீ.யில் சேர்த்தது. இந்த வசதிக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்கலாமா என்றால், யோசிக்க வேண்டும். 1:1-க்குப் பக்கத்தில் அதன் பலன் பெரிதும் குறைந்துவிடும். அதைவிட முக்கியம், அது கையின் நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், செடியின் ஆட்டத்தை அல்ல. ஆடி மாசம் காவிரிக்கரையில் அடிக்கிற காற்றில் பூவே அரை அடி ஆடும். எந்தக் கம்பெனியாலும் அதற்கு மோட்டார் வைக்க முடியாது. அதற்கு விடியற்காலையும் ஃப்ளாஷும்தான் மருந்து.

இப்போது போனிலேயே மேக்ரோ வந்துவிட்டது. சில போன்கள் 2 செ.மீ. வரை நெருங்கி எடுக்கின்றன. படம் பிரமாதமாக இருக்கும், பூச்சி நின்றால்! தூரப் பிரச்சினை வட்டமடித்து மறுபடி வாசலுக்கு வந்துவிட்டது. புழுவுக்கும் கூட்டுப்புழுவுக்கும் போன் போதும். ஹெக்டருக்குப் போதாது.

வட்டமடித்து வந்தது இன்னொன்றும் உண்டு, அது கொஞ்சம் கசப்பானது. கூர்மை ஆழம் ஒரு மி.மீ.தான் என்பதால், ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒன்றாக்கும் முறை வந்தது. ஸ்டாக்கிங் என்பார்கள். 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டில் லெவன் பிஸ் காட்சிக்கு வைத்த பூச்சிப் படங்கள் ஒவ்வொன்றும் சுமார் 8,000 படங்களைச் சேர்த்துச் செய்தவை. அவர் எடுத்தது அருங்காட்சியகத்தில் ஏற்கெனவே இருந்த ஊசி குத்திய பழைய மாதிரிகளை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கூர்மையைப் பார்த்து மயங்கி, உயிருள்ள பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மயக்கி எடுப்பதும், காலில் பசை தடவி உட்கார வைப்பதும் உலகம் பூராவும் நடக்கிறது. கோனிக் கொன்றார், பெயர் கிடைத்தது. இதில் கிடைப்பது லைக் மட்டும்.

ஆக, வாங்குகிறவர் என்ன வாங்கலாம்? வண்ணத்துப்பூச்சியும் தட்டானும்தான் ஆசை என்றால் 90 முதல் 105 மி.மீ. வரை ஏதாவது ஒன்று, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. மேக்ரோ லென்ஸ்களில் மோசமானது என்று ஒன்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம், காகிதத்துக்காகப் பிறந்த வம்சத்தின் குணம் அது. 180, 200 மி.மீ. அருமைதான், ஆனால் கனம், விலை இரண்டும் முதுகை ஒடிக்கும். 50, 60 மி.மீ. வேண்டுமானால் வீட்டில் காசு, தபால்தலை எடுக்கலாம். மிச்சக் காசில் ஒரு சின்ன ஃப்ளாஷ். அதன் முன்னால் டிரேசிங் பேப்பரோ, கழுவிய பால் கவரோ, தெர்மகோல் துண்டோ வைத்தால் வெளிச்சம் மெத்தென்று விழும், சிறகு பளபளத்து வெளுத்துப்போகாது. ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, அளவை முதலிலேயே வைத்துக்கொண்டு, உடம்பையே முன்னும் பின்னும் மெல்ல அசைத்து ஃபோகஸ் பிடிப்பதுதான் அந்தக் காலத்து ஆட்களிலிருந்து இந்தக் காலத்து ஆட்கள் வரை மாறாத வழி.

நேரம், காலை வெயில் ஏறும் முன். வண்ணத்துப்பூச்சிக்கு உடம்பு சூடேறினால்தான் பறக்க முடியும். அதுவரை சிறகை விரித்து வெயில் காயும், கொஞ்சம் பக்கத்தில் விடும். நம் நிழல் அதன் மேல் விழாத பக்கமாக, குனிந்து, நிதானமாகப் போக வேண்டும். முதலில் தூரத்தில் இருந்தே ஒரு படம். பிறகு ஒரு அடி. பிறகு இன்னொன்று. கொள்ளிடக் கரை ஈர மணலில் உப்பு உறிஞ்ச உட்காரும் கூட்டம் என்றால் படுத்தே எடுக்கலாம். ஆனால் பக்கத்தில் தரையோடு படர்ந்திருக்கும் ஆடுதீண்டாப்பாளையை முழங்காலால் நசுக்கிவிடக் கூடாது. அதன் இலைக்கடியில் அடுத்த மாசத்து ஹெக்டர் முட்டையாக இருக்கலாம்.

சிறகு எவ்வளவு அழகாக வந்தாலும் சரி, வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியது அந்தத் தீக்குச்சி உடம்பை. சிவப்பு என்றால் ஹெக்டர் என்று எழுதிக்கொள்ளலாம். கறுப்பு என்றால் கறிவேப்பிலையில் பிறந்த வேஷக்காரி. பூவிதழ் மறைத்து உடம்பு தெரியவில்லை என்றால் அந்த வரியை வெறுமையாக விட்டுவிட்டு, மறுநாள் காலை திரும்பப் போக வேண்டியதுதான்.